நோட்டில் ஏறாத முழங்கால் வலி

கேள்வி: ஐயா, குலசேகரம் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு வாலிபால் அணி இருக்கிறது. நான் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். முன்பு ஆடியவன், இப்போது பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மொத்தம் பதினாலு பேர், பதினாறு வயது முதல் இருபத்தொன்பது வயது வரை. வாரம் ஐந்து நாள் மாலையில் பயிற்சி. கிறிஸ்துமஸ் தொடங்கி சித்திரை வரை அனேகமாக எல்லாச் சனி ஞாயிறும் எங்காவது மின்னொளிப் போட்டி இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு மண் கோர்ட்டை மாற்றி சிமென்ட் போட்டோம். யாருக்காவது அடிபட்டால் எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். போன சீசனில் அதில் மூன்றே குறிப்புகள்: ஒரு கணுக்கால், ஒரு விரல், ஒரு புருவம். ஆனால் ஆறு பையன்கள் முழங்காலில் பட்டை மாட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். எங்கள் முதல் அட்டாக்கருக்குப் பத்தொன்பது வயது. விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவன். குதித்து இறங்கும்போது வலது காலைத் தாங்கிக்கொண்டு இடது காலில்தான் இறங்குகிறான். கேட்டால் "ஒன்றுமில்லை அண்ணே" என்கிறான். இது விழுந்து அடிபட்டது இல்லையே, எந்தத் தேதியில் எழுதுவது? எல்லாருக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? பெரியவர்கள் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் கொண்டுபோய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள், போகலாமா? இந்தப் பையனை உட்கார வைத்துவிட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் "எந்தத் தேதியில் எழுதுவது?" என்பதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற மூன்றும் பாதி தீர்ந்த மாதிரி. ஆகவே அதையே நீளமாக எழுதுகிறேன்.

கணுக்கால் பிசகினால் அதற்குத் தேதி உண்டு, நேரம்கூட உண்டு. மூன்றாவது செட்டில் பிளாக் போட்டு இறங்கும்போது எதிரணிக்காரன் காலை மிதித்துவிட்டான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். குதித்துக் குதித்து வரும் முழங்கால் வலி அப்படி வருவதில்லை. ஒரு நாள் பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போன பிறகு லேசாகத் தெரியும், மறுநாள் போய்விடும். பிறகு பயிற்சி தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடேறியதும் மறையும், படுக்கப் போகும் நேரத்தில் திரும்ப வரும். அதற்கும் பிறகு ஆட்டம் முழுவதும் கூடவே இருக்கும். இந்த வரிசையை அமெரிக்க எலும்பு மருத்துவர் பிளாசினா 1973-இலேயே படிகளாகப் பிரித்து எழுதிவைத்தார். 'குதிப்பவர் முழங்கால்' என்ற பெயரும் அப்போது வந்ததுதான். முதல் படியிலிருந்து மூன்றாம் படிக்கு வர ஒரு பையனுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். அத்தனை மாதமும் அவன் ஒரு ஆட்டத்தையும் விட்டிருக்க மாட்டான். உங்கள் நோட்டு, ஆட முடியாமல் போனவனை எழுதுவதற்காகப் போட்டது. ஆடிக்கொண்டே நோகிறவனுக்கு அதில் இடமில்லை.

உலகம் முழுவதும் விளையாட்டுக் காயங்களை வெகுகாலம் இப்படித்தான் எண்ணினார்கள். நார்வேயில் ஓஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையத்தினர் 2013-இல் கேள்வியையே மாற்றினார்கள். யார் ஆடவில்லை என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வலி இருக்கிறவரிடமும் இல்லாதவரிடமும் வாராவாரம் அதே நான்கு கேள்விகளைக் கேட்டார்கள். அப்படிக் கேட்டபோது, அங்கே வாலிபால் ஆடுகிறவர்களில் எந்த வாரத்தை எடுத்தாலும் சராசரியாக நூற்றுக்கு 36 பேருக்கு முழங்காலில் ஏதாவது ஒரு தொந்தரவு இருந்தது. அதே நாட்டில் உயர்மட்ட ஆண் வாலிபால் ஆட்டக்காரர்களிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 45 பேருக்குக் குதிப்பவர் முழங்கால் இருந்தது. உங்கள் பதினாலு பேரில் ஆறு பேர் என்பது அந்தக் கணக்குக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. உங்கள் கையில் ஏதோ தவறு நடந்துவிட்டதாக நினைத்துக் கலங்க வேண்டாம். எல்லாருக்கும் வருவதுதானே என்று விட்டுவிடவும் வேண்டாம்.

ஆகவே, தேதிக்குப் பதிலாக வாரத்தை எழுதுங்கள்.

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். இடது ஓரத்தில் பதினாலு பெயர்கள். மேலே வாரம் 1, வாரம் 2 என்று கட்டங்கள். திங்கள்கிழமை மாலை, பயிற்சி தொடங்குவதற்கு முன்பு, உடம்பு சூடேறாத நேரத்தில் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். போன ஏழு நாளில் முழங்காலால் ஆடுவதில் சிரமம் இருந்ததா? அதனால் பயிற்சியைக் குறைத்தாயா? ஆட்டம் இறங்கியதா? வலி எவ்வளவு? இவ்வளவுதான். 2020-இல் திருத்திய வடிவத்தில் நான்கு கேள்விக்கும் மதிப்பெண் ஒரே மாதிரி: இல்லை என்றால் 0, கொஞ்சம் என்றால் 8, நடுத்தரம் என்றால் 17, மிக அதிகம் என்றால் 25. முதல் கேள்விக்கு மட்டும் விடையின் வாசகம் வேறு. சிரமமே இல்லாமல் ஆடினால் 0, சிரமத்தோடு முழுதாக ஆடினால் 8, சிரமத்தால் குறைத்து ஆடினால் 17, ஆடவே முடியவில்லை என்றால் 25. நான்கையும் கூட்டினால் அந்த வாரத்து எண் வரும். மிக மோசமான வாரத்துக்கு 100. வலது, இடது இரண்டு முழங்காலையும் தனித்தனியாக எழுதுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

இந்த எண் என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கணுக்கால் பிசகிய பையன் இரண்டு வாரம் ஆடவில்லை என்று வையுங்கள். இரண்டு வாரமும் 100, மொத்தம் 200. உங்கள் அட்டாக்கர் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் சிரமத்தோடு ஆடினான் 8, பயிற்சியைக் கொஞ்சம் குறைத்தான் 8, ஆட்டம் கொஞ்சம் இறங்கியது 8, வலி நடுத்தரம் 17. வாரம் 41. பத்து வாரத்துக்கு 410. கணுக்கால் பிசகியவனை விட இரண்டு மடங்குச் சுமையை இந்தத் தம்பி சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். போன சீசன் நோட்டில் அவன் பெயர் ஒரு தடவைகூட இல்லை.

இன்னொரு எண்ணும் வேண்டும். அந்த வாரம் பதில் சொன்னவர்கள் எத்தனை பேர், அதில் 0-வுக்கு மேல் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று அடியில் எழுதுங்கள். பன்னிரண்டு பேர் சொல்லி, ஐந்து பேருக்கு வலி என்றால் நூற்றுக்கு 42. வராமல் போனவனை 0 என்று போட்டுவிடாதீர்கள். கட்டத்தை வெறுமனே விடுங்கள். வலிக்கிறவன்தான் பெரும்பாலும் திங்கள்கிழமை வராமல் இருப்பான்.

இனிச் சொல்லப்போவதை மிகவும் கவனமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு நல்ல நோட்டாக இருந்தாலும், உண்மையைச் சொன்னவன் இடத்தை இழப்பான் என்றால் அதில் பொய்தான் ஏறும். இருபத்திரண்டு வயதில் நானும் ஒரு அணியில் ஆடினேன். முழங்கால் வலிக்கிறது என்று ஒரு நண்பன் பயிற்சியாளரிடம் சொன்னான். அடுத்த இரண்டு போட்டிகளுக்கு அவனை வெளியே உட்கார வைத்து வேறொருவனை இறக்கினார்கள். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுவதும் எங்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இரவில் விடுதியின் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குவேன். எதிரே யாராவது வந்தால் நின்று செருப்பைச் சரிசெய்வது போல் குனிந்துகொள்வேன். உங்கள் தம்பி சொல்லும் "ஒன்றுமில்லை அண்ணே" எனக்கு மிகவும் பழக்கப்பட்ட வார்த்தை. அதில் ரொக்கப் பரிசில் கிடைக்கும் பங்கு இருக்கிறது, கோப்பையோடு ஊருக்குள் வரும்போது பார்க்கும் கண்கள் இருக்கின்றன, அடுத்த அட்டாக்கர் காத்திருக்கிறான் என்ற பயமும் இருக்கிறது.

அதனால் கேட்பவர் நீங்களாக இருக்க வேண்டாம். அணியைத் தேர்வு செய்கிறவர் கேட்டால் பையன்கள் தேர்வுக்காகவே பதில் சொல்வார்கள். ஆடுவதை நிறுத்திவிட்ட மூத்தவர் ஒருவர் ஊரில் இருப்பார். மாலையில் தவறாமல் கோர்ட் ஓரம் வந்து நிற்கிறவராக இருப்பார். நோட்டை அவரிடம் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லார் கண் முன்னாலும் கேட்பது கூடவே கூடாது. முதல் நாளே பையன்களைக் கூட்டி, எண் கூடினால் யாரையும் வெளியே உட்கார வைக்க மாட்டோம், குதிப்பதைத்தான் குறைப்போம் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கை முதல் மாதத்திலேயே ஒரு பையன் சோதித்துப் பார்ப்பான். அன்றைக்கு நீங்கள் செய்வதை வைத்துத்தான் மற்றப் பதின்மூன்று பேரும் அடுத்த திங்கள் பதில் சொல்வார்கள்.

குதிப்பதைக் குறைக்க வேண்டுமானால் இப்போது எவ்வளவு குதிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். வெளிநாட்டு அணிகள் இடுப்பில் கருவி மாட்டி எண்ணுகின்றன. உங்களுக்கு ஒரு பள்ளிப் பையனும் பென்சிலும் போதும். நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே ஒரு கோடு. ஒரு மாலையில் இரண்டு பேரை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். ஸ்மாஷுக்கு, பிளாக்குக்கு, ஜம்ப் சர்வீஸுக்கு, செட்டரானால் எழும்பிக் கொடுக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு. நார்வேயில் இளம் ஆட்டக்காரர்களை ஒரு வாரம் வீடியோ எடுத்து 11,943 குதிப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். பையன்களில் ஒருவன் அந்த வாரம் 50 தடவை குதித்திருந்தான். இன்னொருவன் 666 தடவை. "அணிக்குப் பயிற்சி இரண்டு மணி நேரம்" என்று எழுதினால் இந்த வித்தியாசம் வெளியே தெரியாது. நீங்களும் எண்ணிப் பாருங்கள். சென்டர் பிளாக்கர் பந்தே தொடாத தடவையிலும் குதிப்பார். கொடுத்துப் பழக ஆள் போதவில்லை என்று ஒரே அட்டாக்கரை முப்பது பந்து தொடர்ந்து அடிக்க வைத்த மாலைகளும் உங்கள் நினைவுக்கு வரும்.

அடிக்கடி குதிக்கிறவனுக்கு மட்டும் இல்லை, உயரமாகக் குதிக்கிறவனுக்கும் இந்த வலி கூடுதலாக வருகிறது. இதுவும் அந்த நாட்டு ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். இளம் ஆட்டக்காரர்கள் 141 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது 28 பேருக்கு வலி வந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் பையன்கள், கூடுதலாகப் பயிற்சி செய்தவர்கள், கூடுதல் செட்கள் ஆடியவர்கள். வாரத்துக்கு ஒரு செட் கூடினாலே ஆபத்து பல மடங்கு ஏறியது. நல்ல குதிப்பு உள்ளவனைத்தான் நாம் எல்லா ஆட்டத்திலும் இறக்குகிறோம். அவனுடைய தசைநாண்தான் ஒவ்வொரு குதிப்பிலும் மற்றவர்களை விட அதிக இழுவையைத் தாங்குகிறது. உங்கள் தம்பிக்கு உடம்பில் தெம்பில்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

தசைநாண் என்றேனே, அது எது என்று கையாலேயே தெரிந்துகொள்ளலாம். தம்பியைப் பெஞ்சில் காலை நீட்டித் தளர்வாக வைக்கச் சொல்லுங்கள். முழங்கால் சில்லு, அதாவது நம்மூரில் முட்டுச் சிரட்டை என்கிறோமே, அதன் கீழ் நுனியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அங்கிருந்து கீழே கணைக்கால் எலும்பு வரை ஒரு தடித்த நாடா ஓடும். தொடைத் தசையின் முழு பலமும் அதன் வழியாகத்தான் காலுக்கு இறங்குகிறது. அதன் மேல் நுனியில், சில்லோடு சேரும் இடத்தில், விரல் நுனி அளவுக்கு ஓர் இடம் சுரீரென்றால், அதோடு குதிக்கும்போதும் இறங்கும்போதும் வலி, சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலி இல்லை என்றால், அனேகமாக இதுதான். முழங்காலைச் சுற்றி எங்கும் வலி, இடத்தைக் காட்டத் தெரியவில்லை என்றால் வேறு காரணமாக இருக்கலாம். உங்கள் பதினாறு வயதுப் பையனுக்குச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து அங்கே வலித்தால், அது வளரும் எலும்பின் தொந்தரவு. அதையும் நோட்டில் எழுதலாம், ஆனால் இடத்தைச் சேர்த்து எழுதுங்கள்.

பலமாக இழுபட்ட தசைநாணுக்குள் முதல் ஒன்று, ஒன்றரை நாள் வரை கட்டுவதை விட அழிவதுதான் அதிகம். 24 முதல் 36 மணி நேரம் கழிந்த பிறகுதான் கணக்கு ஏறுமுகமாகிறது. சனி இரவு மூன்று ஆட்டம், ஞாயிறு இரவு அரையிறுதியும் இறுதியும், திங்கள் மாலை வழக்கமான ஸ்மாஷ் பயிற்சி என்றால், கட்டுவதற்கு நேரமே இல்லை. சீசனில் குதிப்பை வாரத்தில் இரண்டு மாலைக்குள் அடக்குங்கள்; செவ்வாயும் வியாழனும் என்று வையுங்கள். மற்ற நாட்களில் ரிசப்ஷன், டிஃபென்ஸ், நின்று போடும் சர்வீஸ், செட்டரின் கை வேலை. உங்கள் ஊர் அணிகள் பெரும்பாலும் ரிசப்ஷனில்தான் தோற்கின்றன என்பதை எத்தனையோ மின்னொளி இரவுகளில் பார்த்திருக்கிறேன். அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. இங்கே ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. திறந்த கோர்ட்டில் வாரக்கணக்கில் பயிற்சி நிற்கும். பிறகு கிறிஸ்துமஸுக்கு முதல் போட்டி என்று நோட்டீஸ் வந்ததும், ஒரே வாரத்தில் முழு வேகம். பலம் குறைந்திருந்த தசைநாணுக்கு அந்த ஒரு வாரம்தான் பெரிய அடி. உங்கள் நோட்டைக் கார்த்திகை முதல் வாரமே தொடங்குங்கள். குதிப்பு எண்ணிக்கையை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நான்கைந்து வாரத்தில் போட்டி அளவுக்குக் கொண்டுவாருங்கள். சிமென்ட் கோர்ட்டைப் பற்றி நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். 1980-களிலேயே இத்தாலியில், கடினமான தரையில் ஆடுகிறவர்களுக்கும் வாரத்தில் அதிக நாள் ஆடுகிறவர்களுக்கும் இந்த வலி கூடுதல் என்று கண்டார்கள். ஊர் பணம் சேர்த்துப் போட்ட கோர்ட்டை உடைக்கச் சொல்ல மாட்டேன். ஓரத்தில் பழைய மண் தரை மிச்சம் இருந்தால் குதிக்கும் பயிற்சியை அங்கே வையுங்கள். மணல் இன்னும் நல்லது. குளச்சல், முட்டம் பக்கத்துப் பையன்கள் மணலில் ஆடி வளர்கிறார்கள். கடற்கரை வாலிபால் ஆடுகிறவர்களிடம் இந்த வலி குறைவு. மாதம் இரண்டு ஞாயிறு வேன் பிடித்துப் போய்வந்தால் பையன்களுக்கு அது கொண்டாட்டமாகவும் இருக்கும். முதல் நாளே அதிக நேரம் வேண்டாம், மணல் கெண்டைக்காலைப் பிடிக்கும்.

இப்போது அந்தத் தம்பி.

பால்வெட்டுக்குப் போகிறவன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, சரிவான தோட்டத்தில் ஏறி இறங்கி, மரம் மரமாக நின்று வெட்டுகிறான். வெட்டுப் பட்டை தாழ்ந்துபோன மரமானால் முழங்காலை மடக்கிக் குத்தவைக்க வேண்டும். வெட்டி முடித்துப் பால் எடுக்க அதே மரங்களுக்கு இன்னொரு தடவை போக வேண்டும். இந்தத் தடவை கையில் வாளியின் கனம். இந்தச் சுமை எந்த வாலிபால் கணக்கிலும் வராது. அவனுடைய கட்டத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வரி சேருங்கள்: அன்று வெட்டு உண்டா, தாழ்ந்த மரமா, உயர்ந்த மரமா. இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் வாரங்களில், போட்டிகள் அதே அளவு இருந்தும் அவனுடைய எண் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால், கோர்ட்டில் எதைக் குறைப்பது என்பதோடு தோட்டத்தில் எந்த வரிசை மரங்களை யாரோடு மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் பேச வேண்டும்.

அவனுக்குத் தினமும் ஒரு சோதனையும் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு. பொதுவாக இயன்முறை மருத்துவர்களாகிய நாங்கள் சாய்ந்த பலகையில் ஒற்றைக் காலில் நிற்க வைத்து, மெதுவாக மடக்கச் சொல்லி, வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்போம். இவனுக்கு முதல் மரமே போதும். உடம்பு சூடேறுவதற்கு முன்பு, அன்றைய முதல் தாழ்ந்த மரத்தில் குத்தவைக்கும்போது சில்லுக்குக் கீழே வலி பத்துக்கு எவ்வளவு என்று மனதில் குறித்துக்கொள்ளட்டும். தினமும் அதே மரம், அதே கால். முந்தின நாள் எவ்வளவு குதித்தோம் என்பதற்கான தீர்ப்பு மறுநாள் காலையில்தான் வரும். ஆடும்போது இருக்கும் வலியை நம்ப முடியாது, ஏனென்றால் சூடேறியதும் அது மறைந்துவிடும். மூன்றுக்குள் இருந்தால் பழையபடி ஆடலாம். முந்தின நாளை விட ஏறினால் அன்று மாலை குதிப்பு வேண்டாம். ஐந்துக்கு மேல் இரண்டு நாள் தொடர்ந்து நின்றால் அந்த வாரப் போட்டியில் எல்லா செட்டிலும் இறக்காதீர்கள்.

உட்கார வைத்துவிட வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இரண்டு மாதம் முழு ஓய்வு கொடுத்தால் வலி போகும். தசைநாணின் பலமும் கூடவே போகும். திரும்ப வந்து குதித்த முதல் வாரத்தில் வலியும் திரும்பிவிடும். இதற்கு மருந்து பலம் ஏற்றுவதுதான். தடித்த பட்டை ஒன்றை இரண்டு முழங்காலுக்கும் பின்னால் வளைத்துக் கோர்ட் தூணில் கட்டி, பின்னால் சாய்ந்து, நாற்காலியில் உட்காருவது போல் பாதி இறங்கி அப்படியே நிற்க வேண்டும். 45 நொடி, பிறகு இரண்டு நிமிட ஓய்வு, இப்படி ஐந்து தடவை. சிலருக்கு இதை முடித்ததும் முக்கால் மணி நேரம் வரை வலி நன்றாகக் குறைகிறது, எல்லாருக்கும் அப்படி இல்லை. இதோடு வாரம் மூன்று நாள், ஒன்று விட்டு ஒரு நாள், கனமான எடையோடு மிக மெதுவாகத் தொடைப் பயிற்சி. குறைந்தது 12 வாரம். இதை எப்படி ஏற்றுவது என்று நேரில் காட்டுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வழக்கம்போல் குதித்துக்கொண்டே இந்தப் பயிற்சியை மேலே சேர்த்தால் பலன் இருக்காது. சீசன் நடுவில் அப்படிச் செய்து பார்த்த வாலிபால் ஆட்டக்காரர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. முதலில் குதிப்பைக் குறைக்க வேண்டும், அந்த இடத்தில் இது வர வேண்டும்.

ஸ்கேன் எல்லாருக்கும் வேண்டாம். வலியே இல்லாத ஆட்டக்காரரின் தசைநாணிலும் ஸ்கேனில் மாற்றம் தெரியும். வலி தீர்ந்தவரிடமும் அந்த மாற்றம் அப்படியே இருக்கும். பதினாலு பேருக்கு எடுக்கும் பணத்தில் நல்ல எடைத் தட்டுகள் வாங்கலாம். ஆனால் இவை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எலும்பு மருத்துவரிடமோ கொண்டுபோங்கள்: 'டப்' என்ற சத்தத்தோடு முழங்கால் வழுகி, சில மணி நேரத்தில் வீங்கினால், மடக்கிய கால் பூட்டிக்கொண்டு நீட்ட வராமல் போனால், காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டால், குதிக்காத நாளிலும் இரவில் தூக்கத்தைக் கலைக்கிற வலி இருந்தால், தொடை எலும்பிலோ கால் எலும்பிலோ முழங்காலை ஒட்டிக் கட்டி மாதிரி தட்டுப்பட்டால். கடைசி இரண்டும் இளம் வயதில் மிக அரிதாகப் பெரிய நோயின் அடையாளமாக இருக்கும். அதனால்தான் இரவு வலியா என்ற கேள்வியை நோட்டில் ஒரு ஓரத்தில் நிரந்தரமாக எழுதிவைக்கச் சொல்வேன்.

ஆசானிடம் போகலாமா என்றால், இந்த மாவட்டத்தில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கும் அந்த மரபின் மேல் மரியாதை உண்டு. தொடைத் தசைக்கும் கெண்டைக்காலுக்கும் எண்ணெய் போட்டுத் தடவினால் உடம்பு இளகும், பையன் நன்றாகத் தூங்குவான். சில்லின் கீழ் நுனியில் அந்த நோகிற இடத்தை மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்று ஆசானிடம் சொல்லுங்கள். வாரக்கணக்கில் மூட்டை அசையாமல் கட்டிவைக்கவும் வேண்டாம். போன நாளை நோட்டில் எழுதுங்கள். போட்டிக்கு முன்னால் முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி யாராவது வந்தால் அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். சில வாரம் வலி தெரியாது. பிறகு நிலைமை முன்பை விட மோசமாகும், தசைநாண் பலமிழக்கும். வலி மாத்திரை போட்டு ஆடினால் அந்த வாரத்து எண்ணுக்குப் பக்கத்தில் 'மா' என்று எழுதச் சொல்லுங்கள். பட்டை மாட்டி ஆடினால் 'ப'. பட்டை தப்பில்லை, சிலருக்கு இதமாக இருக்கும். அது இல்லாவிட்டால் அந்த எண் எவ்வளவாக இருந்திருக்கும் என்பது நமக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நான்கு வாரம் நோட்டை எழுதிக்கொண்டு மட்டும் இருங்கள். இந்தத் தம்பியையும், எண் கூடுகிறவனையும் தவிர மற்றவர்களுக்கு எதையும் மாற்ற வேண்டாம். நான்கு வாரம் ஆனதும் நோட்டையும் குதிப்பு எண்ணிய தாளையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு வாருங்கள். தம்பியையும் அழைத்து வாருங்கள். காலையில் பால் எடுத்து முடித்துவிட்டு, சாப்பிட்டு, பதினொரு மணிக்கு மேல் வந்தால் போதும். முதல் மரத்தில் சொன்ன எண்களை அவன் கையாலேயே எழுதிக்கொண்டு வரட்டும்.

அன்புடன்,
உங்கள் இயன்முறை மருத்துவர்